விக்கல் நின்ற லாரி

புதுவாயல் கூட்டுரோட்டில் மொஹசினுக்குப் 'பழசு' என்று பெயர். ஆளுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. பழசு என்று ஊர் சொன்னது அவனை அல்ல, அவன் கட்டிக்கொண்டு அழுத கம்ப்யூட்டர்களை. எல்லாரும் எக்ஸ்பிக்கு மாறி, சிலர் அதையும் தாண்டி விஸ்டா போட்டு, பழைய பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்த 2008இல், அவன் கடையில் டாஸ் ஓடும் மெஷின் ஒன்று, விண்டோஸ் 98 ஓடும் மெஷின் ஒன்று, லினக்ஸ் போட்ட மெஷின் ஒன்று என்று மூன்று கிழங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் சிப்காட் கம்பெனிப் பையன்கள் பழைய விளையாட்டு ஆட அங்கே வருவார்கள். புது மெஷினில் போட்டால் அந்த விளையாட்டுகள் ஒன்று ஓடவே ஓடாது, இல்லாவிட்டால் கண்மண் தெரியாமல் ஓடும். மொஹசின் லினக்ஸுக்குள்ளே ஒரு பொய் டாஸை உண்டாக்கி, விளையாட்டை ஏமாற்றி அதற்குள் உட்கார வைப்பான்.

"அதுக்கு இன்னும் தொண்ணூத்தி மூணுலதான் கீறோம்னு நெனப்பு. நாமளும் ஆமாம்னு தலையாட்டினா சமத்தா ஓடும்" என்பான்.

பழவேற்காட்டில் இறாலும் கருவாடும் வியாபாரம் செய்யும் அவனுடைய வாப்பா பக்கீர் முகம்மதுக்கு இதில் ஒரு துளி மரியாதை கிடையாது. "வியாபாரின்னா ஓடுற சரக்கை விக்கணும். இவன் செத்ததுக்கு உசுரு குடுக்கிறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் செத்ததற்கு உயிர் கொடுக்கிற அந்த வித்தைதான் மொஹசினை சிப்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது.

அங்கே கம்பி உருட்டும் ஆலை ஒன்று. இரும்பைக் காய்ச்ச அவர்கள் நிலக்கரியிலிருந்து கேஸ் எடுத்தார்கள். அந்தக் கேஸில் ஒரு விஷம் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆலை முழுக்க எப்போதும் தார் நாற்றம் அடித்துக்கொண்டிருப்பதால் மூக்கை நம்பி எவனும் எங்கேயும் இறங்க முடியாது. அதனால் வால்வு இருக்கும் குழிக்குள் ஒரு சென்சார் வைத்து, ஒயர் இழுத்து, கண்ட்ரோல் ரூமில் இருந்த கம்ப்யூட்டரோடு கோத்திருந்தார்கள். அதில் ஒரு ப்ரோக்ராம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் அளவு மீறினால் அது வெளியே முற்றத்தில் மாட்டியிருக்கும் ஹாரனை அலற விடும். ஹாரன் அலறினால் கண்ட்ரோல் ரூமில் இருப்பவன் பொத்தானை அழுத்தி மெயின் வால்வை மூட வேண்டும். ஹாரன் அடிக்கவில்லை என்றால் குழிக்குள் இறங்கலாம். இதுதான் அந்த ஆலையின் சட்டம். கையில் பிடித்துப் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கித் தாருங்கள் என்று தொழிலாளிகள் கேட்டபோதெல்லாம், ஹாரன்தான் இருக்கிறதே என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ப்ரோக்ராம் டாஸ் காலத்தது. வடக்கே மூடிப்போன ஏதோ ஓர் ஆலையிலிருந்து சாமான்களோடு சேர்த்து வாங்கியது. எழுதியவன் யார், எங்கே என்று யாருக்கும் தெரியாது. அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் செத்துப்போனது. சென்னையிலிருந்து வந்த பெரிய கம்பெனிக்காரர்கள், இது எக்ஸ்பியில் ஓடாது, எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று கையை விரித்தார்கள். மேனேஜர் பூவராகவன் மொஹசினைக் கூப்பிட்டார். மொஹசின் விண்டோஸ் 98 போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுபோய், அதற்குள் ஒரு ஜன்னலைத் திறந்து, அந்தக் கிழட்டு ப்ரோக்ராமை அதில் ஓட விட்டான். அன்றிலிருந்து அந்த ஆலைக்கு அவன்தான் கம்ப்யூட்டர் டாக்டர். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆலைகளும் அவனைக் கூப்பிட்டன.

அந்தக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவன் பரத். சோழவரம் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். பொன்னேரியில் மொஹசினோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் விழுந்து கிடப்பார்கள். அங்கே ஒரு லாரி விளையாட்டு இருந்தது. பாரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் ஓட்ட வேண்டும்; வளைவில் வேகம் கூடினால் பாரம் சரிந்து பள்ளத்தில் விழும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்காக இரண்டு பேரும் எத்தனையோ நாள் சாப்பாட்டை மறந்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் மின்சாரத் தட்டுப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சில மணி நேரம் மில்லை ஓட்டக் கூடாது என்று உத்தரவு. உருளைகள் நின்றுவிடும். கேஸ் எடுக்கும் அடுப்பை மட்டும் அணைக்க முடியாது, தணலில் வைத்திருப்பார்கள். பாதி ஆட்கள் ஆலையின் மறுகோடியில் இருந்த கேன்டீனுக்குப் போய்விட, ஃபிட்டர்கள் அந்த நேரத்தில் சில்லறை ரிப்பேர்களைப் பார்ப்பார்கள். பரத்துக்கு மட்டும் ஒரு வேலையும் இருக்காது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் கூடாது.

"பைத்தியம் புடிக்குது மொஹசினு" என்றான் ஒரு நாள். "அந்த லாரி கேமை இதுல போட்டுக் குடேன். மேனேஜருக்குத் தெரியாம ஹெட்போன் போட்டுக்கினு ஆடறேன்."

மொஹசினுக்கு இதைவிட இனிப்பான வேலை உண்டா? ஒரு வெள்ளிக்கிழமை சர்வீஸுக்கு வந்தபோது சிடியைக் கொண்டுவந்து ஏற்றினான். லாரி ஓடியது. ஆனால் விக்கல் எடுத்துக்கொண்டே ஓடியது. சத்தம் வெட்டி வெட்டி வந்தது, வளைவில் சட்டென்று நின்று பிறகு குதித்தது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த கேஸ் ப்ரோக்ராம் சென்சாரை ஒவ்வொரு தடவை விசாரிக்கும்போதும் லாரி ஒரு தடவை விக்கியது. காரணம் மொஹசினுக்கு உடனே புரிந்துவிட்டது. கேஸ் ப்ரோக்ராமுக்கு உரிய அமைப்புகளைத் திறந்தான். அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், முன்னால் வேறொன்று ஓடும்போது இந்த ப்ரோக்ராம் அப்படியே உறங்கிவிடும். முன்னால் ஓடுவதை மூடினால் மறுபடி எழுந்துகொள்ளும். விக்கல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் மொஹசின் டிக் போட்டான்.

லாரி வெண்ணெய் மாதிரி ஓடியது. பரத் பொன்னேரிப் பையனாக மாறிப்போனான். நாற்காலியில் உடம்பை வளைத்து வளைத்து வண்டியைத் திருப்பினான். "டேய், அப்பிடியே கீதுடா! எஞ்சின் சத்தம் கூட அதேதான்டா!" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்தினான்.

அந்த நேரத்தில் மொஹசின் சொல்லியிருக்க வேண்டும். நீ ஆடும் நேரமெல்லாம் கேஸ் ப்ரோக்ராம் உறங்கும், ஹாரன் அடிக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பரத் ஆட மாட்டான். அது மொஹசினுக்கு நன்றாகத் தெரியும். பரத் பயந்தவன், வேலையை மதிக்கிறவன். பாவம், கொஞ்ச நேரம் ஆடட்டும், அடுத்த வாரம் வேறு வழி கண்டுபிடித்து டிக்கை எடுத்துவிடலாம் என்று மொஹசின் நினைத்தான். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அடுத்த வாரம் வேறோர் ஆலையில் வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் அந்தக் கட்டம் ஞாபகத்திலேயே இல்லை.

ஒரு சாயங்காலம் மில் நின்றிருந்த நேரத்தில் ஃபிட்டர் அப்பாவு வால்வு குழிக்குள் இறங்கினார். ஹாரன் அடிக்கவில்லை, ஆகையால் இறங்கினார். அவர் திரும்பி வராததைப் பார்த்து ஹெல்பர் ஒருவன் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அலறிக்கொண்டு ஓடிவந்து கண்ட்ரோல் ரூம் கதவில் முட்டினான். பரத் பதறி விளையாட்டை மூடினான், ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். விளையாட்டு மூடிய அந்தக் கணமே உறங்கிக்கொண்டிருந்த கேஸ் ப்ரோக்ராம் கண் விழித்தது. முற்றத்தில் ஹாரன் அலறத் தொடங்கியது.

இதுதான் பரத்தின் தலையெழுத்து. கேன்டீனிலிருந்து ஓடிவந்த அத்தனை பேரும் கேட்டது அலறுகிற ஹாரனைத்தான். எப்போதிருந்து அலறுகிறது என்று ஒருவனுக்கும் தெரியாது. கேன்டீன் பக்கம் ஜெனரேட்டர் போட்ட இரைச்சலில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. பதற்றத்தில் முன்னே பின்னே ஒன்றும் நினைவில்லாத ஹெல்பரைக் கேட்டால், "அடிச்சிக்கினுதான் இருந்துச்சு சார்" என்று அழுதான். முன்னால் அடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் குழிக்குள் செத்துக் கிடந்தார்.

மறுநாள் பூவராகவன் மொஹசினைக் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் ரூமில் பரத்தும் ஒரு மூலையில் நின்றிருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ராத்திரி உட்கார வைத்து அனுப்பியிருந்தார்கள். கன்னங்கள் ஒட்டி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"நான் தூங்கல சார். சத்தியமா தூங்கல. ஹாரன் அடிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விளையாட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மொஹசினை மட்டும் ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில், நீயும் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது.

அந்த ஆலையில் சென்சாரைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆயுதபூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்து, கொத்தாகக் கொளுத்தி, ஒரு டப்பாவில் வைத்துக் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். எரிந்து புகையும் எதிலும் அந்த விஷம் கொஞ்சம் இருக்கும் என்பதால் சென்சாருக்கு அது போதும். அன்றைக்கும் அப்படித்தான் இறக்கினார்கள். சற்று நேரத்தில் ஹாரன் அலறியது. நேற்று ஒருவர் செத்த குழியிலிருந்து கோயில் வாசனை வந்தது.

"கேட்டுச்சா பரத்?" என்றார் பூவராகவன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை மொஹசின் கண்ணால் பார்த்தான். மெஷின் சரி, ஹாரன் சரி என்றால் ஆலையும் சரி. உட்கார்ந்திருந்தவன் தூங்கிவிட்டான், அவ்வளவுதான். மீட்டர் வாங்கித் தரவில்லை என்ற பேச்சே எழாது. "எல்லாம் நல்லாத்தானே வேலை செய்யுது மொஹசின்? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கணத்தில்தான் மொஹசினுக்குக் கட்டம் ஞாபகம் வந்தது.  "ஒரு தபா உள்ள பாத்துட்டு சொல்றேன் சார்" என்றான். பூவராகவன் போன் பேசிக்கொண்டே பரத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

மொஹசின் அமைப்புகளைத் திறந்தான். அவன் போட்ட டிக் அவன் போட்ட இடத்திலேயே இருந்தது. அதை எடுத்தான். லாரி விளையாட்டை அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். திருடன்கூட இவ்வளவு நேர்த்தியாகத் தடயம் அழிக்க மாட்டான். வெளியே வந்து, "எல்லாம் நல்லாத்தான் கீது சார்" என்றான்.

அங்கே நின்றிருந்த பரத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிட, பார்க்கத் துணியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பைக்கில் வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டான். போலீஸ், ஜெயில், கடைக்குப் பூட்டு. எந்த ஆலைக்காரன் இனிமேல் உள்ளே விடுவான்? சொல்வதால் செத்தவர் எழுந்து வரப்போகிறாரா? பரத்துக்கு வேலை எப்படியும் போனது போனதுதான். இரண்டு பேரும் சேர்ந்து மூழ்குவதால் யாருக்கு என்ன லாபம்? தப்பு செய்தவனுக்கு வக்கீல் வெளியே இருந்து வர வேண்டியதில்லை. அவன் மண்டைக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

வீட்டில் அவன் மனைவி ஷஹனாஸ் சோற்றைப் போட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த கம்பெனி விசயத்துல உங்க மேல ஒண்ணும் தப்பு இல்லீல்ல?"

"எனக்கு இன்னா தப்பு? மிஷின் நல்லாத்தான் கீது."

"அப்ப ஏன் பேஜாரா கீறீங்க? மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல. சாப்புடுங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி கவரைப்பேட்டையில் பரத் குடியிருந்த வாடகை வீட்டைத் தேடிப் போனது. அப்பாவுவின் மனைவி ரோசம்மாள், அடக்கம் முடிந்த கையோடு சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வாசலில் நின்றாள். மண்ணை வாரி இறைக்கவில்லை, சாபம் விடவில்லை. அதெல்லாம் செய்திருந்தால்கூடப் பரத் தாங்கியிருப்பான்.

"தூங்கினியாமே?" என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரரு மூச்சுக்கு தவிச்சிக்கினு இருந்திருப்பாரு. கூவியிருப்பாரு. அவ்ளோ பெரிய ஹாரன் அடிச்சிருக்குது. ஒரு பொத்தான அமுக்கறதுக்கு ஒனக்கு இன்னா நைனா கஷ்டம்? எங்களுக்கு இன்னாத்துக்கு இந்த தண்டன?"

பரத்தால் 'அடிக்கவில்லை' என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காதில் ஹெட்போன் இருந்ததே! ஹெட்போனைக் கழற்றியபோதுதானே ஹாரன் கேட்டது? அப்படியென்றால் அது முன்னாலிருந்தே அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான்தான் லாரி சத்தத்தில் கேட்காமல் உட்கார்ந்திருந்தேனா? எஞ்சின் இரைச்சலுக்குப் பின்னால் ஏதோ கேட்டது போலக்கூட இருக்கிறதே? இந்த ஒரே கேள்வி அவனைப் புழு மாதிரி உள்ளிருந்து அரித்தது.

அவன் மனைவி இளமதி ஒரு நாள் மொஹசின் கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"அண்ணா, அவரு தூங்கறதே இல்ல. ரோட்ல ஹாரன் அடிச்சா எழுந்து ஓடுறாரு. 'அடிச்சிதா, அடிக்கலியா'ன்னு என்னையே கேட்டுக்கினு கீறாரு. எனக்கு இன்னாண்ணா தெரியும்? நீங்க மிஷின் தெரிஞ்சவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாரு."

"வரச் சொல்லுமா" என்றான் மொஹசின்.  அவள் போன பிறகு வெகுநேரம் கல்லாப்பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே தவிர புத்தி வரவில்லை.

இரண்டொரு நாளில் பரத் வந்தான். பகல் வேளை. கடைக்கு முன்னால் கொல்கத்தா ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. பரத் மெலிந்து பாதியாகியிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மொஹசினு, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. அந்த லாரி கேம் இங்க கீதா?"

"லினக்ஸ்ல கீது. எதுக்குடா?"

"போடு. அன்னிக்கி போட்ட மாதிரியே ஹெட்போன் மாட்டிக்கினு ஆடறேன். பக்கத்துக் கடையிலதான அந்த கம்பெனி ஹாரனே வாங்கினாங்க? அதே மாதிரி ஒண்ணு எட்து வந்து வெளிய நின்னு அடி. எனக்குக் கேக்குதா பாக்கலாம்."  "கேட்டுச்சின்னா, அன்னிக்கி அடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிடும். கேக்கலன்னா, நான்தான் அவரைக் கொன்னேன். எதுனாலும் பரவால்ல. தெரிஞ்சா போதும்டா. தெரியாம இருக்க முடியல."

முற்றத்தில் மாட்டியிருந்த ஹாரன் லாரிக்கு மாட்டுகிற ஹாரன்தான். பக்கத்தில் லாரி உதிரிபாகங்கள் விற்கும் தாஹா பாய் கடையிலிருந்து மொஹசினே வாங்கிக்கொண்டு போய் மாட்டியது. இப்போது மறுக்க வழியில்லை. லினக்ஸ் மெஷினில் பொய் டாஸைத் திறந்து லாரியை ஓட விட்டான். பரத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.  லாரி விக்கலில்லாமல் மலை ஏறியது.

மொஹசின் பக்கத்துக் கடைக்குப் போனான். "தாஹா பாய், அந்தப் பெரிய ஹாரன் ஒண்ணும் பேட்டரியும் குடுங்க. ஒரு நிமிசத்துல தந்துர்றேன்." தாஹா பாய் அறுபதைத் தாண்டியவர், எதையும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுக்க மாட்டார். அன்றைக்கு அவர் ஒரு டிரைவரோடு பேரத்தில் இருந்ததால் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஹாரனையும் பேட்டரியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மொஹசின் நின்றான். ஒயரைத் தொட வைத்தால் போதும். இந்த ஹாரன் எவ்வளவு சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியும். இந்த மலிவு ஹெட்போன் எவ்வளவு மறைக்கும் என்பதும் தெரியும். அடித்தால் பரத் துள்ளி எழுந்திருப்பான். எழுந்தால் அடுத்த கேள்வி வரும். அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை? அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒருவன்தான் பதில் வைத்திருந்தான்.

கண்ணாடி வழியே பரத்தின் முதுகு தெரிந்தது. வளைவு வரும்போதெல்லாம் தன்னை அறியாமல் அந்த முதுகும் வளைந்தது. அடி, அடித்துவிடு என்று மொஹசினுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. அவன் ஒயரைத் தொட வைக்கவில்லை. ஒரு பால் வண்டியும் இரண்டு டிரெய்லர்களும் கடந்து போகும் வரை அப்படியே நின்றான். பிறகு ஹாரனைக் கொண்டுபோய்த் தாஹா பாய் மேஜை மேல் வைத்துவிட்டுக் கடைக்குள் வந்து பரத்தின் தோளைத் தொட்டான்.

பரத் ஹெட்போனைக் கழற்றினான். திரையில் லாரி பாரம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது.

"ஏன்டா நிறுத்திட்ட? இன்னும் அடிக்கலியே?"

"அடிச்சேனே" என்றான் மொஹசின். "நல்லா அடிச்சேன். உனக்குக் கேக்கலியா?"

இப்படியும் ஒரு மனிதன் பேசுவானா என்று கேட்கலாம். பேசினான். அந்த வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தன.

 பரத் தலையை ஆட்டினான். அழவில்லை. நீண்ட நாள் வலித்த பல்லைப் பிடுங்கிய பிறகு வருகிற ஓர் ஓய்வு அவன் முகத்தில் வந்தது. "சரி. அப்ப நான்தான்" என்றான். "போய் ரோசம்மா கால்ல வுழுந்து சொல்லிட்றேன். கேம் ஆடிக்கினு இருந்தேன், அடிச்சது காதுல வுழலன்னு சொல்லிட்றேன். ஸ்டேஷன்லயும் சொல்லிட்றேன். நீ போட்டுக் குடுத்ததுன்னு சொல்ல மாட்டேன், நீ பயப்படாத." மொஹசினின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு வெளியே இறங்கினான். ரோட்டைத் தாண்டி, எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான்.

மொஹசின் வாசலிலேயே நின்றான்.  பேரம் முடித்துவிட்டு வெளியே வந்த தாஹா பாய், கையில் அதே ஹாரனும் பேட்டரியுமாக அவன் பக்கத்தில் வந்தார்.

"இன்னாப்பா, ஹாரன வாங்கினு வந்து சாமி சிலை மாரி புடிச்சிக்கினு நின்ன. அடிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல, திருப்பி வெச்சிட்டுப் போய்ட்ட. சரக்கு மேல சந்தேகமா? என் கடை சரக்குடா இது!"

அவருக்கு ரோஷம். வியாபாரிக்குச் சரக்கைக் குறை சொன்னால் வரும் ரோஷம். "வேணாம் பாய்" என்று மொஹசின் கை நீட்டுவதற்குள் அவர் ஒயரைத் தொட வைத்துவிட்டார்.

ஹாரன் அலறியது. கடைக் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. டீக்கடையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரோட்டுக்கு எதிரே, அத்தனை லாரி இரைச்சலையும் தாண்டி, பரத் சட்டென்று திரும்பினான்.

தாஹா பாய் கையில் இருந்த ஹாரனைப் பார்த்தான். ஆடி அடங்கிக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தான். வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டே ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தான். மொஹசினிடம் அவன் பேசவில்லை. தாஹா பாயிடம் கேட்டான்.

"பாய், கொஞ்சம் முன்னாடி இவன் இதை அடிச்சான்ல?"

"எங்க அடிச்சான்? சும்மா புடிச்சிக்கினு நின்னான். நான்தான் இப்ப அடிச்சேன். மொத தபா. சத்தம் எப்பிடி கீது, சொல்லு?"

பரத் மெல்ல மொஹசின் பக்கம் திரும்பினான். மொஹசினின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் அடிக்கல. இல்ல?"

"அடிக்கல."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான் மொஹசின். "நீ கேம் ஆடினா கேஸ் ப்ரோக்ராம் தூங்கற மாரி நான்தான் வெச்சேன். உன்கிட்ட சொல்லல."

பரத் அடிப்பான் என்று மொஹசின் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரத் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை நாள் அழாத அழுகையையெல்லாம் அழுதான். ஒன்றும் புரியாத தாஹா பாய் ஹாரனை இடுப்போடு அணைத்துக்கொண்டு இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அழுது முடித்ததும் பரத் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வா" என்றான். "ரோசம்மா ஊட்டுக்கு. இப்ப எனக்குச் சொன்னியே, அதே மாரி அவங்களுக்கும் சொல்லு. அங்கேர்ந்து ஸ்டேஷனுக்குப் போலாம்."

"கடைய சாத்திட்டு வரேன்டா."

"சாத்து. நான் இங்கியே நிக்கிறேன்."

மொஹசின் உள்ளே போய் டாஸ் மெஷினை அணைத்தான், 98-ஐ அணைத்தான், லினக்ஸையும் அணைத்தான். வெளியே வந்து ஷட்டரை இழுத்தான். பாதி இறங்கியதும் அது வழக்கம்போல் சிக்கிக்கொண்டது. பரத் வந்து மறுமுனையைப் பிடிக்க, இருவரும் சேர்ந்து அதைக் கீழே இறக்கினார்கள். பூட்டைப் போடும்போது, இனி இந்தக் கடையைத் திறக்கப் போவதில்லை என்று மொஹசினுக்குத் தெரிந்திருந்தது.